ஆலயத்தில் இசைக்கருவி: அரேஞ்சர் கீபோர்டும் மென்பொருள் இசையும்

இறையியல் கல்லூரியில் எவரும் கற்றுத்தராத வினாக்கள் சில, திருப்பணியில் இறங்கிய ஆயரை வந்தடைகின்றன. அவற்றுள் ஒன்று இது. ஆலயத்தின் பழைய ஆர்கன் இனிப் பழுதுபார்க்கத் தகாதென்று ஆகிவிட்டது. சபைக் கமிட்டி கூடுகிறது. பாடகர் குழுவின் மூத்தோர் அரேஞ்சர் கீபோர்டு ஒன்று வாங்கினால் போதும் என்கின்றனர். வாலிபர் சங்கத்தாரோ, மடிக்கணினியும் அதனோடிணைக்கும் வெறும் கட்டைப்பலகையும் இருந்தால் உலகின் எல்லா வாத்தியங்களையும் ஆலயத்திற்குள் கொண்டுவரலாம் என்கின்றனர். பொருளாளர் விலையைக் கேட்கிறார். இறுதியில் எல்லாரும் ஆயரை நோக்குகின்றனர். இசை தெரிந்தவர்களே முடிவு செய்யட்டும் என்று அவர் ஒதுங்கிக் கொள்வதே பெரும்பாலும் நடப்பது.

அவ்வாறு ஒதுங்குதல் தகாது என்பது நம் கருத்து. ஆலயத்தில் வைக்கப்படும் வாத்தியம், சபை எந்த வேகத்தில் பாடும், எங்கே மூச்சு விடும், எந்தப் பாட்டை மெல்ல மெல்லக் கைவிடும் என்பவற்றையெல்லாம் தீர்மானிக்கிறது. அதனை வாசிக்கத் தக்கவர் யார், தகாதவர் யார் என்பதையும் அதுவே பிரித்துவைக்கிறது. இவை யாவும் வழிபாட்டைப் பற்றியவை. ஆகவே ஆயரின் பொறுப்பிற்குள் வருபவை.

இவ்வினாவை நெய்வேலியில் நிறுத்திப் பார்க்க விரும்புகிறோம். பழுப்பு நிலக்கரிக்கென 1956-ல் நிறுவனம் அமைக்கப்பட்டு, 1957-ல் சுரங்கம் தொடங்கப்பட்டு, 1962-ல் மின்னாக்கமும் தொடங்கிய இந்நகரியம், வட்டம் வட்டமாக வகுக்கப்பட்டுக் குடியேற்றப்பட்ட ஊர். இங்குள்ள திருச்சபைகளும் குடியேறியோரின் சபைகளே. திருநெல்வேலியிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் வந்தோர் தம் கீர்த்தனைகளோடு வந்தனர். லூத்தரன் மரபில் வளர்ந்தோர் ஞானப்பாட்டுகளோடு வந்தனர். பாமாலையை நான்கு குரலில் பாடிப் பழகியோரும் வந்தனர். ஒரே பாட்டை இரண்டு மெட்டில் அறிந்தவர்கள் ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கும் நிலை நகரியச் சபைகளுக்கே உரியது. சுரங்கமும் மின்நிலையமும் இரவு பகலாக இயங்குவதால் மக்கள் ஷிப்டு முறையில் பணிபுரிகின்றனர். ஞாயிறு காலை அதற்கு விலக்கன்று. பணி ஓய்வு பெற்றவர் நிறுவனக் குடியிருப்பைக் காலி செய்து செல்ல வேண்டும். பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகின்றனர். இத்தகைய சபைக்கு எந்த வாத்தியம் ஏற்றது?

கருவிகள் இரண்டும் பிறந்த இடம்

அரேஞ்சர் கீபோர்டு என்பது ஒலி, தாளம், பக்கவாத்தியம், பெரும்பாலும் ஒலிபெருக்கி ஆகிய அனைத்தையும் ஒரே உடலில் கொண்ட கருவி. வலக்கை மெட்டை வாசிக்கும். இடக்கை ஒரு சுரக்கூட்டை, அதாவது கார்டை, அழுத்தியதும் கருவி அதனை இன்னதென்று அறிந்து, அதற்கிசைய டிரம்ஸ், பேஸ், கிதார், வயலின் குழு முதலியவற்றைத் தானே இயக்கும். முன்னரே அமைத்து வைக்கப்பட்ட இக்கோவைக்கு ஸ்டைல் என்று பெயர். நம் இளைஞர் ‘ரிதம்’ என்றே சொல்வர். ஒவ்வொரு ஸ்டைலிலும் முகப்பு, நடுப்பகுதி, இடைநிரப்பு, முடிவு என்னும் பகுதிகள் உண்டு. பொத்தானை அழுத்தி ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குப் போகலாம். யமஹா, கேசியோ, கார்க் ஆகிய நிறுவனங்களின் கருவிகள் இவ்வகையில் பெயர் பெற்றவை. யமஹா இந்தியச் சந்தைக்கென வெளியிட்ட பி.எஸ்.ஆர்.-ஐ வரிசைக் கருவிகளில் தபலா, தம்புரா ஒலிகளும், அவற்றோடு பயிற்சி செய்வதற்கென ‘ரியாஸ்’ என்னும் வசதியும் சேர்க்கப்பட்டன.

இதன் மூதாதையரைச் சற்று நினைவுகூர்வது பயனுடையது. ஹாமண்ட் நிறுவனம் 1950-ல் கார்டு ஆர்கனை வெளியிட்டது. பொத்தான் ஒன்றை அழுத்தினால் சுரக்கூட்டு முழுவதும் ஒலிக்கும். வுர்லிட்சர் நிறுவனம் 1959-ல் சைடுமேன் என்னும் தாளப்பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இவையெல்லாம் வீட்டுக் கூடத்தில் தனித்து அமர்ந்து வாசிப்பவருக்குத் துணையாகப் பிறந்தவை. உடன் வாசிக்க ஆளில்லாதவருக்கு ஆளாக நிற்பதே அரேஞ்சரின் குலத்தொழில்.

மென்பொருள் இசைக்கருவி வேறு வீட்டுப் பிள்ளை. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான மிடி என்னும் பொது ஏற்பாடு 1983-ல் அமைந்தது. மிடி ஒலியைச் சுமப்பதில்லை. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு விசையோடு அழுத்தப்பட்டது என்ற செய்தியை மட்டுமே சுமக்கிறது. அச்செய்தியைப் பெற்று ஒலியாக்கும் வேலையை ஒரு கணினியே செய்துவிடலாம் என்பது அடுத்த படி. ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996-ல் வெளியிட்ட வி.எஸ்.டி. என்னும் ஏற்பாடும், மென்பொருள் வாத்தியங்களுக்கு அதில் இடமளித்த 1999-ஆம் ஆண்டுப் பதிப்பும் இதற்கு வழி திறந்தன. மெய்யான பியானோவின் ஒவ்வொரு கட்டையையும் மென்மையாகவும் வன்மையாகவும் பலமுறை பதிவுசெய்து, அப்பதிவுகளைக் கணினியில் அடுக்கி, விரல் பட்டவுடன் உரிய பதிவை எடுத்து ஒலிக்கச் செய்கின்றனர். ஒலியின் தரத்தைப் பொறுத்தவரை, நடுத்தர விலை அரேஞ்சர் எதுவும் இதற்கு ஈடாகாது. இதனை ஒப்புக்கொள்ளாத மூத்தோர் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்.

எனினும் இக்கருவி பிறந்த இடம் ஒலிப்பதிவுக் கூடம். அங்கே பிழை நேர்ந்தால் அழித்து மறுபடி வாசிக்கலாம். ஆராதனையில் அழிப்பதற்கு வழியில்லை.

ஆக, ஒன்று தனித்திருப்பவனின் கூடத்திலிருந்தும், மற்றது ஒலிப்பதிவாளனின் கூடத்திலிருந்தும் நம் ஆலயத்திற்கு வந்தவை. கூடிப் பாடும் இருநூறு பேருக்காக எதுவும் செய்யப்படவில்லை. நம் விவாதங்களில் அடிக்கடி விடுபட்டுப் போவது இதுவே. எந்தக் கருவி சிறந்தது என்று கேட்கிறோம். சபைப் பாட்டிற்கு அதனைப் பழக்குவது எப்படி என்று கேட்பதில்லை.

பழைய வழக்கு

ஆலயத்தில் வாத்தியம் பற்றிய சச்சரவு நமக்குப் புதியதன்று. தாமே தேர்ந்த இசைவாணராயிருந்த சுவிங்லி, சூரிச் நகர ஆலயங்களில் ஆர்கனை மௌனமாக்கினார்; 1527-ல் அங்குள்ள பெருங்கோயிலின் ஆர்கன் பெயர்த்தெடுக்கப்பட்டது. லூத்தரோ சபையாரின் வாயில் பாட்டை வைத்தார். இவ்விருவருக்கும் இடையில்தான் நாம் இன்னும் நின்றுகொண்டிருக்கிறோம்.

ஆர்ன்ஸ்டாட் நகரில் இளம் ஆர்கன் வாசிப்பாளராயிருந்த யோவான் செபஸ்தியான் பாக்கை, அவ்வூர்த் திருச்சபை அதிகாரிகள் 1706 பிப்ரவரியில் அழைத்துக் கண்டித்தனர். சபைப் பாடல்களுக்கிடையே அவர் புதுமையான சுரங்களைக் கலந்து வாசித்ததால் பாடுவோர் குழம்பினர் என்பது குற்றச்சாட்டுகளுள் ஒன்று. அதே ஆண்டு ஜூலையில்தான் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். பாக்கையே கண்டித்த திருச்சபைக்கு இசையறிவில்லை என்று நாம் நகைக்கலாம். ஆயினும் அவர்கள் எழுப்பிய கேள்வி சரியானது: வாத்தியம் சபையைத் தாங்குகிறதா, தடுமாறச் செய்கிறதா?

நம் நாட்டில் ஆர்மோனியம் பட்ட பாடும் நினைவுகூரத்தக்கது. பாரிஸ் நகரில் டெபேன் 1842-ல் உரிமை பெற்ற அக்கருவியை, தரையிலமர்ந்து ஒரு கையால் துருத்தி இயக்கி மறுகையால் வாசிக்கத்தக்கதாகக் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் 1875-ல் மாற்றியமைத்தார். பின்னர், பன்னிரண்டு நிலையான சுரங்களால் கமகத்தைக் காட்ட இயலாது என்ற காரணத்தால் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதனை விலக்கி வைத்தது. வானொலி விலக்கிய அந்த முப்பது ஆண்டுகளிலும் நம் கிராமச் சபைகள் ஆர்மோனியத்தைக் கொண்டே பாடின. விலக்கியவர்கள் கூறிய காரணமும் மெய்தான். பாடியவர்களின் தேவையும் மெய்தான். கமகம் வாத்தியத்தில் இல்லாவிட்டாலும் பாடுவோரின் தொண்டையில் இருந்தது. ஆர்மோனியம் சுருதி தந்துவிட்டு ஒதுங்கி நின்றதால் தொண்டைக்கு இடம் கிடைத்தது. கீபோர்டு வந்தபின் அந்த இடம் சுருங்கிற்று.

கீர்த்தனையும் ஓடும் தாளமும்

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) காலந்தொட்டு நமக்கு வாய்த்த கீர்த்தனை மரபு, பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் அமைப்புடையது. பாடுவோர் சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்புவர். உள்ளம் நெகிழ்ந்தால் பல்லவியை இருமுறையோ மும்முறையோ பாடுவர். சரணத்தின் கடைசியில் சற்று நின்று மூச்சு வாங்குவர். இவை முன்கூட்டியே எழுதிவைத்தவையல்ல. அன்றைய ஆராதனையில் அங்குள்ளவர்களால் அப்போது தீர்மானிக்கப்படுபவை.

அரேஞ்சரின் ஸ்டைலுக்கு மூச்சில்லை. டெம்போ 96 என்று வைத்தால் 96 தான். வயது முதிர்ந்த தாயார் ஒருவர் சரணத்தின் முடிவில் அரை நொடி தாமதித்தால் டிரம்ஸ் அவருக்காகக் காத்திருப்பதில்லை. இரண்டு சரணம் முடிவதற்குள் பின்வரிசையார் வாயை மூடிக்கொள்கின்றனர். முன்னே ஒலிபெருக்கியைப் பிடித்திருக்கும் நால்வர் மட்டும் பாடி முடிக்கின்றனர். ஆராதனை விறுவிறுப்பாக இருந்தது என்று நாம் வீட்டிற்குப் போகிறோம்.

தாள வகையிலும் இடர் உண்டு. கருவியோடு வரும் ஸ்டைல்களில் பெரும்பாலானவை நான்கு, மூன்று, ஆறு என்னும் எண்ணிக்கைகளில் அமைந்தவை. ஆதிதாளக் கீர்த்தனை அவற்றுள் எளிதில் அடங்கும். ரூபகமும் ஒருவாறு அடங்கும். மூன்றும் இரண்டும் இரண்டுமாக ஏழாய் நடக்கும் மிச்ரசாபும், இரண்டும் மூன்றுமாக ஐந்தாய் நடக்கும் கண்டசாபும் அடங்குவதில்லை. வாசிப்பவர் என்ன செய்கிறார்? ஏழை எட்டாக இழுக்கிறார், அல்லது ஆறாக நறுக்குகிறார். சில ஆண்டுகளில் சபை அந்தச் சிதைந்த வடிவத்தையே சரியென்று கற்றுக்கொள்கிறது. இன்னும் சில ஆண்டுகளில், பாட்டு கருவிக்கு ஒத்துவராதது என்று அட்டவணையிலிருந்தே மறைகிறது. கீர்த்தனை நூலில் எத்தனை பாட்டுகள் இவ்வாறு வாசிக்கப்படாமல் உறங்குகின்றன என்பதை ஒவ்வொரு ஆயரும் தம் ஆராதனைப் பதிவேட்டைப் புரட்டி எண்ணிப் பார்க்கலாம்.

இராகமும் அவ்வாறே. கீர்த்தனையின் மெட்டு ஒரே ஆதார சுருதியின்மேல் நடப்பது. இடக்கை கார்டை மாற்றினால்தான் ஸ்டைலுக்கு உயிர் வரும் என்பதால், கார்டே வேண்டாத மெட்டுக்கும் வாசிப்பவர் கார்டுகளைத் தேடுகிறார். மோகனமும் சங்கராபரணமும் இதனைப் பொறுத்துக்கொள்ளும். தோடி பொறுக்காது. ஒவ்வொரு சுரத்தையும் சிறிதளவு ஏற்றவோ இறக்கவோ செய்யும் வசதி அரேஞ்சர்கள் பலவற்றில் உண்டு. மென்பொருளில் இன்னும் நுட்பமாக உண்டு. ஆயினும் சுரத்தின் இடத்தைத் திருத்துவது வேறு, சுரத்தை அசைப்பது வேறு. அசைவுக்குரிய சக்கரத்தை இடக்கையால் திருகிக் கமகத்தைக் கிட்டத்தட்டக் கொண்டுவரும் வாசிப்பாளர் தமிழ்நாட்டில் இருக்கின்றனர். அவர்கள் பெரும்பாலும் ஞாயிறு காலையில் நம் ஆலயத்தில் இருப்பதில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இக்குறை அனைத்திற்கும் மருந்து அரேஞ்சரிலேயே இருக்கிறது: ஸ்டைலை நிறுத்திவிடுவது. ஒரு பொத்தானால் அது முடியும். நிறுத்தியபின் அது நல்லதோர் ஆர்கனாகவும் சுருதிப்பெட்டியாகவும் நின்று சபைக்குப் பணிசெய்யும். தாளத்தை ஜால்ராவோ தபலாவோ, மனிதக் கை ஏதேனும் ஒன்று, பார்த்துக்கொள்ளும். பாமாலைகளுக்கும் இதுவே முறை. அப்பாடல்களில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் சபை மூச்சு விடும் நிறுத்தம் இருக்கிறது. ஆர்கன் ஒலியில் நான்கு குரலையும் இரு கையால் வாசித்து, வரிமுடிவில் விரலை எடுக்கத் தெரிந்தவருக்கு வேறெதுவும் தேவையில்லை. ஸ்டைலோடு பாடத்தக்கவை, ஸ்டைலோடே பிறந்த பாடல்கள். ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள் முதலாக ஒலிநாடாக்களின் வழியே சபைகளுக்குள் வந்த பாடல்களை டிரம்ஸ் இல்லாமல் பாடச் சொல்வது, கீர்த்தனையை டிரம்ஸோடு பாடச் சொல்வதைப் போன்றே முறையற்றது.

டிரான்ஸ்போஸ் பொத்தானைப் பற்றி ஒரு சொல். பாட்டைக் கட்டை மாற்றிப் பாட அது பெரும் உதவி. ஐந்து கட்டையில் பெண்கள் எளிதாகப் பாடும் பாட்டை ஆண்கள் எட்ட முடியாமல் தவிக்கும்போது, ஒரு நொடியில் இறக்கிவிடலாம். ஆனால் அதனை நம்பியே ஒரே கட்டையில் மட்டும் வாசிக்கக் கற்றவர்கள், வேறொரு கருவிமுன் அமர்ந்தால் கைகட்டி நிற்கின்றனர்.

மடிக்கணினி ஆலயத்திற்கு வந்தால்

மென்பொருள் கருவியின் முதல் இடர் தாமதம். விரல் கட்டையைத் தொட்டபின் கணினி ஒலியைத் துண்டு துண்டாகக் கணக்கிட்டு அனுப்புகிறது. நொடிக்கு 44,100 மாதிரிகள் என்னும் கணக்கில், ஒரு துண்டிற்கு 256 மாதிரிகள் என்று வைத்தால் ஏறக்குறைய 6 மில்லிநொடி தாமதம். 1024 என்று வைத்தால் 23 மில்லிநொடி. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 345 மீட்டர் செல்வதால், முன்னது இரண்டு மீட்டர் தொலைவிலும் பின்னது எட்டு மீட்டர் தொலைவிலும் வைத்த வாத்தியத்தை வாசிப்பதற்கு ஒப்பாகும். முன்னதை யாரும் உணரார். பின்னதில் தாளம் வழுக்கும். துண்டைச் சிறிதாக்கினாலோ, வலுக்குறைந்த கணினி திணறி ஒலி வெடிக்கும். தகுந்த கணினியும், ஒலிக்கென்றே அமைந்த இணைப்புப் பெட்டியும் இருந்தால் இவ்விடர் தீரும். ஆனால் கட்டைப்பலகை, கணினி, இணைப்புப் பெட்டி, மென்பொருள், ஒலிபெருக்கி என ஐந்தாகப் பிரிந்து கிடக்கும் ஒரு வாத்தியத்தில் எந்த ஒன்று பழுதானாலும் ஐந்தும் ஊமையாகும்.

பண்டிகை ஆராதனையொன்றில் நாம் கண்டது: முதற்பாட்டிற்கு எழுந்து நின்றோம், கணினி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கியிருந்தது. ஆயர் சற்றுக் காத்திருந்து, பிறகு தாமே குரலெடுத்தார். அன்று அச்சபை பாடியது போல் அதற்குப் பின்னர் பாடிக் கேட்கவில்லை. இது கணினிக்கு எதிரான வாதமல்ல, நடந்தது அவ்வளவே.

இரண்டாவது இடர் உரிமை பற்றியது. நல்ல மென்பொருள்களும் ஒலித்தொகுப்புகளும் விலையுள்ளவை. விலை கொடாமல் அவற்றை இறக்கிக்கொள்ளும் வழிகள் நம் இளைஞருக்குத் தெரியும், கமிட்டிக்கும் தெரியாமலில்லை. களவு செய்யாதிருக்கும் கட்டளை லூத்தரன் எண்ணிக்கையில் ஏழாவதா, சீர்திருத்த மரபின் எண்ணிக்கையில் எட்டாவதா என்று தேர்வில் எழுதத் தெரிந்த நாம், ஆலயக் கணினியில் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. ஆர்டர், எல்.எம்.எம்.எஸ்., ஃபுளூயிட்சிந்த் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் நேர்மையான வழியிலேயே கிடைக்கின்றன. ஒலி சற்றுக் குறைவாயினும் மனச்சாட்சி சுத்தமாயிருக்கும்.

இவ்விரண்டினும் பெரிய இடர் ஒன்றுண்டு. மென்பொருள் கருவி, அதனை அமைத்தவரின் கருவி. எந்தக் கோப்பு எங்கே, எந்தக் கம்பி எதில், கடவுச்சொல் என்ன என்பன ஒருவரின் தலையில் இருக்கும். நெய்வேலிச் சபையை மறுபடி நினைவுகூர்வோம். அந்த ஒருவருக்கு இந்த வாரம் ஞாயிறு காலை ஷிப்டு. அடுத்த ஆண்டு அவருக்குப் பெங்களூரில் வேலை. அவர் போனபின், ஆலய அலமாரியில் விலையுயர்ந்த கணினி ஒன்று யாருக்கும் திறக்கத் தெரியாமல் கிடக்கும். அரேஞ்சரின் சிறப்பு இங்கேதான் விளங்குகிறது. ஞாயிற்றுப் பள்ளிச் சிறுமி ஒருத்தி வந்து, மின்விசையைத் தட்டி, ஆர்கன் ஒலியைத் தேர்ந்து, கற்ற இரண்டு பாமாலைகளை வாசித்துவிட முடியும். சிறிய வகைகள் சில பேட்டரியாலும் இயங்குவதால், டிசம்பர் இரவுகளில் வட்டம் வட்டமாகச் செல்லும் கீத பவனிக்கும் அது தூக்கிச் செல்லத் தக்கது. விலை குறைந்தவையும் உண்டு. ஒன்றரை இலட்சத்திற்கு மேற்பட்டவையும் உண்டு. நடுத்தரச் சபைக்கு அவை தேவையில்லை என்று துணிந்து சொல்வோம்.

நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 1962-ல் மின்னாக்கம் தொடங்கி 2020-ல் மூடப்பட்டது. ஐம்பத்தெட்டு ஆண்டு உழைத்த இயந்திரசாலை. அதில் பணிபுரிந்தோர்க்கு, ஐந்தாறு ஆண்டில் பழமையாகிவிடும் கணினியை வாத்தியமென்று காட்டினால் புன்னகைப்பர்.

யாருடைய கை ஓய்கிறது?

மதுரை அரசரடி, தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றி, பரட்டை என்னும் பெயரில் அறியப்பட்ட தியோபிலஸ் அப்பாவு (1940–2005), நாட்டுப்புற இசையை வழிபாட்டிற்குள் கொண்டுவந்தபோது வலியுறுத்திய கருத்தொன்று இங்குப் பொருந்தும். எளிய மக்கள் தாமே ஏற்றும் குறைத்தும் மாற்றியும் பாடத்தக்க இசையே அவர்களை விடுவிக்கும் இசை என்பது அவர் நிலை. பயின்றவருக்கு மட்டும் உரிய இசை, பயிலாதவரைக் கேட்பவராகவே நிறுத்திவிடும்.

அக்கண்கொண்டு நோக்கினால், அரேஞ்சரும் மென்பொருளும் ஒரே தவற்றைச் செய்யவல்லவை. நகரியத்தைச் சூழ்ந்த கிராமங்களிலிருந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பத்துப் பையன் ஒருவன் தவில் அடிப்பான், அல்லது பறை அடிப்பான். குறைந்தது ஜால்ரா தட்டுவான். ஆராதனையில் அவன் கைக்கு ஒரு வேலை இருந்தது. கருவிக்குள் நூறு ஸ்டைல் வந்ததும் அவன் பெஞ்சில் உட்கார வைக்கப்படுகிறான். அவன் தாளம் தவறுவான் என்பது உண்மை. ஆனால் பாடுவோர் நின்றால் அவனும் நிற்பான், வேகங்கொண்டால் அவனும் வேகங்கொள்வான். கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் பதினான்காம் அதிகாரத்தில் பவுல் வாத்தியங்களை உவமையாக்குவது, சபை விளங்கிக்கொண்டு பக்திவிருத்தி அடைவதைக் குறித்தே. விளங்கிக்கொள்வதில் பங்கேற்பும் அடங்கும் என்று நாம் வாசிக்கிறோம்.

எனவே நம் ஆலோசனை இதுவாகும். ஆராதனைக்கு எளிய அரேஞ்சர் ஒன்று போதும். கீர்த்தனைக்கும் பாமாலைக்கும் அதில் ஸ்டைலை நிறுத்திவிட வேண்டும். மென்பொருளை வேண்டாமென்று தள்ளுவது மதியீனம். அதற்குரிய இடம் வாரநாள்கள். பாடகர் குழுவின் நான்கு குரல்களையும் தனித்தனியே பதிவுசெய்து, ஷிப்டினால் பயிற்சிக்கு வர இயலாதவருக்குக் கைப்பேசியில் அனுப்பலாம். முதியோர் நினைவில் மட்டும் வாழும் மெட்டுகளை, அவர்கள் நகரியத்தைவிட்டுப் போகுமுன் பதிவுசெய்து வைக்கலாம். மிச்ரசாபிற்கும் கண்டசாபிற்கும் ஏற்ற தாளக்கோவைகளை இளைஞர்களே கணினியில் அமைத்துப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம். வாலிபர் சங்கத்தாரின் திறனுக்கு இது ஞாயிறு காலையைவிடப் பெரிய களம். கருவிக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை, இரண்டு மூன்று பேருக்கு, அவர்களுள் ஒருவரேனும் பெண்ணாக இருக்க, வாசிக்கக் கற்பிப்பதற்கு ஒதுக்க வேண்டும். ஒரே வாசிப்பாளரை உடைய சபை, வாசிப்பாளரே இல்லாத சபைக்கு ஒரு ஷிப்டு தூரத்தில்தான் இருக்கிறது.

பழைய ஆர்மோனியம் இருக்குமானால், அதனை விற்றுவிட வேண்டாம். 2011 டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் கடலூர் மாவட்டத்தைத் தாக்கியபின் மின்சாரமின்றிப் பல நாள்கள் தவித்த ஊர்கள் பல. மறுநாள் இரவு புத்தாண்டு விழிப்பு ஆராதனை. அத்தகைய இரவில் துருத்திக்கும் தொண்டைக்கும் மட்டுமே மின்சாரம் தேவையில்லை.

இனி, கருவியை வாங்குமுன் செய்யத்தக்க ஒரு சோதனை. கடையில் வாசித்துப் பார்த்து முடிவு செய்யாமல், ஒன்றை இரவலாகவோ வாடகைக்கோ கொண்டுவந்து, சாதாரண ஞாயிறு ஒன்றில் ஆலயத்தில் வையுங்கள். எல்லாருக்கும் தெரிந்த மிச்ரசாபுக் கீர்த்தனை ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். முதற் சரணத்தை வாத்தியமின்றிப் பாடட்டும். இரண்டாவதைச் சுருதியோடு மட்டும். மூன்றாவதை வாசிப்பவர் விரும்பியபடி. ஆயர் பீடத்தருகே நில்லாமல், கடைசிப் பெஞ்சுக்குப் பின்னால், முதியோர் அமரும் பக்கத்தில் நின்று கேட்கட்டும். எந்தச் சரணத்தில் தமக்கு முன்னிருப்போரின் குரல் மிகுந்து கேட்டது என்பதைக் குறித்துக்கொண்டு கமிட்டிக்கு வரட்டும்.